பதில்: நீர் விநியோகச் செயலியின் யூசர் ஸ்டோரியை எப்படிப் பிரிப்பது?

வணக்கம். கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்புக்குச் செய்யும் செயலியில் "பயனராக நான் நீர் விநியோகத்தை நிர்வகிக்க வேண்டும்" என்ற யூசர் ஸ்டோரி (பயனரின் தேவையை அவர் பார்வையில் சொல்லும் சிறு குறிப்பு) ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் (குறுகிய கால வேலைச் சுற்று) தள்ளிப்போகிறது, டேட்டாபேஸ், ஏபிஐ (திரையையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பகுதி), திரை என்று பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிப் பிரிக்க வேண்டாம். டேட்டாபேஸ் மட்டும் முடிந்தால் கமக்காரரிடம் காட்டிக் கருத்துக் கேட்க எதுவும் இருக்காது.

முதலில் அந்தப் பயனர் யார்? வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதே கேள்வி. அமைப்பின் செயலாளருக்கோ சிறுபோகக் (கோடைகாலப் பயிர்ச்செய்கை) கூட்டத்தில் முடிவான ஏக்கர் அளவை ஒவ்வொருவருக்கும் பதிய வேண்டும். இருவரையும் ஒரே வரியில் அடைத்ததுதான் சிக்கல்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "வாய்க்கால் கடைசியில் வயல் உள்ள கமக்காரராக, தண்ணீர் திறக்கும் நாளை முன்கூட்டியே எஸ்எம்எஸ்ஸில் அறிய விரும்புகிறேன், அப்போதுதான் வரம்பைச் சரிசெய்து வைக்கலாம்."

ஏற்பு நிபந்தனைகளில்தான், அதாவது ஸ்டோரி முடிந்தது என்று ஏற்க நிறைவேற வேண்டியவற்றில்தான், உண்மையான வேலை இருக்கிறது. நாள் மாறினால் திருத்தச் செய்தி போகவேண்டும். மற்ற வாய்க்கால்காரருக்கு அது போகக்கூடாது. அப்புறம், தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 யூனிகோட் குறியீடுகள்தான் அடங்கும். "கொ" என்பதே இரண்டு குறியீடு. ஆகவே செய்தியின் வாசகத்தையே நிபந்தனையில் எழுதிவிடுங்கள்.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் 2001இல் ஒரு யூசர் ஸ்டோரிக்கு அட்டை (எழுதிய வரி), உரையாடல் (அதைப் பற்றிப் பயனரோடு பேசுவது), உறுதிப்படுத்தல் (ஏற்பு நிபந்தனைகள்) என்று மூன்றைச் சொன்னார். உங்களிடம் அட்டை மட்டும்தான் இருக்கிறது. அடுத்த ஸ்பிரிண்டுக்கு முன் கமக்காரர் இரண்டு பேரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். செயலாளரின் ஏக்கர் பதிவைத் தனி ஸ்டோரியாக அதன்பிறகு எடுக்கலாம்.