வாசகர் கேள்வி: மகனின் சட்டையில் சிகரெட் நாற்றம்

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகனின் பள்ளிச் சட்டையில் சில வாரங்களாகச் சிகரெட் நாற்றம் அடிக்கிறது. கேட்டால், நண்பர்கள் புகைத்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன் என்கிறான். அவர்களோடு சேரவிடாமல் தடுத்தால் சரியாகிவிடுமா? என் கணவர் பல ஆண்டுகளாகப் புகைப்பவர் என்பதால் அவரிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.
- ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: நீங்கள் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னதையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் சிகரெட் வாங்குவதற்கான வயது வரம்பு 2019 முதல் ஆண்டுக்கு ஒன்றாக உயர்த்தப்பட்டு, 2021 ஜனவரி முதல் 21ஆக இருக்கிறது. கடைகளில் பெட்டிகளைக் கண்ணில் படும்படி அடுக்கி வைப்பதற்கு 2017இலேயே தடை வந்துவிட்டது. 2020 ஜூலையிலிருந்து எல்லாப் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறத்தில்தான் வருகின்றன. உதிரியாக விற்கவும் அனுமதி இல்லை. இத்தனை வேலிகளையும் தாண்டிப் பதினைந்து வயதுப் பையனின் விரலிடுக்குக்கு ஒரு சிகரெட் வருகிறதென்றால், வயதில் மூத்த ஒருவர் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வீட்டிலிருக்கும் பெட்டியில் ஒன்று குறைந்திருக்க வேண்டும். அப்பாவின் பெட்டியை எண்ணிப் பார்ப்பவர் யார்?

நண்பர்களின் தூண்டுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த வயதில் கூட்டத்திலிருந்து தனித்துப்போகும் அச்சம் மற்ற எல்லா அச்சங்களையும் விடப் பெரியது. அதோடு, தன் வயதினரில் பாதிப்பேர் புகைக்கிறார்கள் என்று உண்மைக்கு மிஞ்சிக் கணக்குப் போடுவதும் இளையரின் இயல்பு. ஆனால் பெற்றோர் புகைக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகள் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடுதல் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. சமையலறைச் சன்னலோரம் தந்தை நின்று புகைப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவனுக்கு, நண்பன் நீட்டும் சிகரெட் அந்நியப் பொருளாகத் தோன்றாது. நண்பர்களை மட்டும் தடுத்தால், சந்திப்பு வேறு புளோக்கின் படிக்கட்டுக்கு மாறும், அவ்வளவுதான்.

தாமதிக்கவும் வேண்டாம். இளையரின் மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டே இருப்பதால் நிக்கோட்டின் அதில் எளிதாகப் பிடி கொள்கிறது. நாள்தோறும் புகைக்கும் நிலைக்கு வரும் முன்பே சிலருக்கு ஏக்கமும் எரிச்சலும் தொடங்கிவிடுகின்றன. (நாற்றத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள், 2018 முதல் வைத்திருப்பதே குற்றமாகிவிட்ட மின்சிகரெட்டில் பழ வாசம்தான் வரும்.)

நாற்பது வருடங்கள் கழித்து வரப்போகும் புற்றுநோயைச் சொல்லி அவனை மிரட்டிப் பயனில்லை. காற்பந்துத் திடலில் மூச்சு வாங்குவது, கையில் ஒட்டியிருக்கும் நாற்றம், கரையும் கைச்செலவுப் பணம் ஆகியவை அவனுக்கு இன்றே விளங்கும். பள்ளி ஆலோசகரையும் நாடலாம். கைவிட விரும்புவோருக்கு உதவும் குவிட்லைன் தொலைபேசிச் சேவையை உங்கள் கணவரும் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் மகனிடம் பேச வேண்டியவர் அவர்தான். “நான் விட முயன்றேன், முடியவில்லை” என்று அவர் வாயால் சொல்வதற்கு உள்ள எடை, நீங்களோ நானோ சொல்லும் எந்த அறிவுரைக்கும் இல்லை. அப்போது நீங்கள் அந்த அறையில் இல்லாமலிருந்தால் அவருக்கு இன்னும் எளிதாக இருக்கும்.