கேள்விக்குறிகளா, கிறுக்கலா? முதலில் அதைப் பாருங்கள்

கேள்வி: என் கணினியில் ஒழுங்காகத் தெரியும் தமிழ்க் கோப்புப் பெயர்கள், எஸ்எஸ்எச் வழியே லினக்ஸ் சர்வரில் நுழைந்ததும் கேள்விக்குறிகளாகிவிடுகின்றன. பெயர்கள் கெட்டுப்போயினவா?

பதில்: கெடவில்லை. அவசரப்பட்டு மறுபெயரிட்டால்தான் கெடும்.

'அம்மா' என்ற பெயரில் 5 யூனிகோட் குறியீடுகள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; ஆக 15. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை 15 கேள்விக்குறிகளைக் காட்டினால் (புதிய பதிப்புகளில் பின்சாய்கோட்டோடு 340, 256, 205 என எண்கள் வரும்) ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) 'சி' லோக்கேலில் (மொழி, எழுத்துமுறை அமைப்பில்) இருக்கிறது; ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கிக்கு வெளியே உள்ள எதையும் அது எழுத்தாக மதிக்காது. கேள்விக்குறிக்குப் பதில், தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் சர்வர்மேல் பழியில்லை. உங்கள் கணினியின் டெர்மினல்தான் (கட்டளைச் சாளரம்) லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை) என்று நினைத்துப் படிக்கிறது. விண்டோஸிலிருந்து நுழைய உதவும் புட்டி நிரலில் 'விண்டோ', 'டிரான்ஸ்லேஷன்' பக்கத்தில் யுடிஎஃப்-8 வையுங்கள். வெறும் கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை, அவ்வளவே.

உங்களுடையது முதல் வகை. சர்வரில் 'லோக்கேல்' என்று அடியுங்கள். வரும் மாறிகளில் எல்சி_ஆலுக்கு மதிப்பு இருந்தால் அது சொன்னதே சட்டம், இல்லையேல் எல்சி_சிடைப், அதுவும் இல்லையேல் லாங். இரட்டை மேற்கோளுக்குள் தெரியும் மதிப்பு நேரடியாக வைத்ததல்ல, மேலிருந்து வந்தது.

அடுத்து, சர்வரில் உள்ள லோக்கேல்களைப் பட்டியலிடும் 'லோக்கேல் மைனஸ் ஏ'. பட்டியலில் இல்லாத பெயரை லாங்கில் வைத்தால் ஷெல் 'சி'க்கே திரும்பிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். டெபியன், உபுண்டுவில் ஈடிசி அடைவிலுள்ள லோக்கேல்.ஜென் கோப்பில், இஎன்_யுஎஸ்.யுடிஎஃப்-8 வரியின் முன்னுள்ள ஹேஷ் (#) குறியை நீக்கி, சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) 'லோக்கேல்-ஜென்' ஓட்டுங்கள். பிறகு 'அப்டேட்-லோக்கேல்' கட்டளையில் லாங்குக்கு அந்தப் பெயரைக் கொடுத்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். தமிழ் தெரிய தமிழ் லோக்கேல் வேண்டாம். யுடிஎஃப்-8 எதுவும் போதும். கன்டெய்னரில் (தனித்து ஓடும் சிறு சூழலில்) சி.யுடிஎஃப்-8 கைகொடுக்கும்.

எல்சி_ஆலை பேஷ்ஆர்சியில் (ஷெல்லின் தொடக்கக் கோப்பில்) நிரந்தரமாக எழுதாதீர்கள். மற்ற எல்சி அமைப்புகள் அனைத்தையும் அது அமுக்கிவிடும். ஒற்றைக் கட்டளைக்கு முன்னால் போடத்தான் அது.

மேக்கிலிருந்து நுழையும்போது 'லோக்கேலை மாற்ற முடியவில்லை' என்று எச்சரிக்கை வந்தால், எல்சி_சிடைப்பில் வெறும் 'யுடிஎஃப்-8' என்று அனுப்பப்பட்டிருக்கும். லினக்ஸுக்கு அப்படியொரு லோக்கேல் தெரியாது. டெர்மினல் அமைப்பில் லோக்கேல் மாறிகளை வைக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகியும் டிமக்ஸுக்குள் (அமர்வுகளைத் தொடர்ந்து வைத்திருக்கும் நிரல்) மட்டும் அடிக்கோடுகள் வந்தால், பழைய அமர்விலிருந்து விலகி 'டிமக்ஸ் மைனஸ் யு' கொடுத்து மறுபடி இணையுங்கள்.