மூன்று பஸ் ஒன்றாக வருவது ஏன்?

வணக்கம் சார்,

பெரம்பூரிலிருந்து அடையாறுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராது. பிறகு ஒரே நம்பரில் மூன்று ஒட்டிக்கொண்டு வரும். முதல் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, மூன்றாவது காலியாக வரும். ஷெட்டில் டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே கிளம்புகிறார்கள் என்று தோழிகள் திட்டுகிறார்கள். கண்டக்டரிடம் கேட்டால், "மணிக்கு ஆறு பஸ் போகுதேம்மா" என்கிறார். யார் சொல்வது உண்மை?

— ம., பெரம்பூர்

அன்புள்ள ம.,

கண்டக்டர் சொல்வதும் உண்மை, நீங்கள் அரை மணி நேரம் நிற்பதும் உண்மை. தோழிகள் சொல்வதுதான் சரியில்லை. தனித்தனியாகக் கிளம்பினாலும் வழியில் சேர்ந்துவிடும்.

10 நிமிட இடைவெளியில் கிளம்பிய இரண்டு பஸ்கள். முன்னால் போவது சிக்னலில் 3 நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அந்த 3 நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்புக்கு வந்தவர்களும் அதில்தான் ஏறுவார்கள். ஏறி முடிக்க நேரமாகும், அதற்கடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் கூடியிருக்கும். பின்னால் வருவதற்கோ ஆளே மிஞ்சாது, விறுவிறுவென்று வந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். சின்னத் தாமதம் தானாகச் சரியாவதில்லை, போகப் போக வளரும்.

நம் ஊரில் அது வேகமாகவே வளரும். கண்டக்டர் பின்வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஏறியவர் "ஒரு ஜெமினி வாங்கிக் குடுங்க" என்று நீட்டும் நோட்டு நாலைந்து கை மாறி அவரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையுமாக அதே கைகள் வழியே திரும்ப வேண்டும். (நடுவில் சில்லறை குறைந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.) 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்கள் காசு தர வேண்டாம். ஆனால் டிக்கெட் உண்டு, அதையும் அவர்தான் போட்டுத் தர வேண்டும். ஸ்டேஜ் முடிவதற்குள் டிக்கெட் போட்டுத் தீரவில்லையென்றால் ஒற்றை விசில், பஸ் ஓரங்கட்டி நிற்கும். "டிக்கெட் வாங்காதவங்க யாரு?" என்று குரல் கொடுத்து, எல்லோருக்கும் போட்ட பிறகுதான் இரண்டு விசில். பின்னால் வரும் காலி வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி அந்த ஆறு பஸ். 10 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் சராசரியாக 5 நிமிடம் நிற்பீர்கள். அதே ஆறும் மும்மூன்றாக அரை மணிக்கு ஒருமுறை வந்தால் 15 நிமிடம். அதனால் "கூடுதல் பஸ் விடு" என்று மட்டும் கேட்பது எனக்கு அரைகுறைக் கோரிக்கையாகவே படுகிறது. ஆறை எட்டாக்கினால் நாலு நாலாக வரும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது இடைவெளி. கிளம்பும் இடத்தில் டைம் கீப்பர் பார்க்கும் வேலையை நடுவழியிலும், ஜெமினி மாதிரி ஓர் இடத்தில், ஒருவர் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வரும் பின்வண்டியைச் சில நிமிடம் நிறுத்தி அனுப்ப வேண்டும். எந்த வண்டி எங்கே வருகிறது என்று சென்னை ஒன் செயலியில் நமக்கே தெரியும்போது அவர்களுக்குத் தெரியாதா?

ஆனால் சும்மா நிறுத்தினால் உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம் விட்டுவிடுவோமா என்ன! "எடுப்பா வண்டிய, ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று இரண்டாவது நிமிடமே கத்துவோம். டிரைவருக்கோ தாமதமானால் அடுத்த டிரிப்பே கையை விட்டுப் போகும்.

அதுவரை ஒரு யோசனை. நெரிசலான பஸ் முதலில் வந்தால் முண்டியடிக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். ஸ்டாப்பைத் தாண்டிச் சற்று முன்னால் போய் நில்லுங்கள், இரண்டாவதும் மூன்றாவதும் அங்கேதான் போய் நிற்கும். மூன்றில் ஒன்று காசு கேட்கும் டீலக்ஸாக இருக்கலாம், போர்டைப் பார்த்து ஏறுங்கள்.