டெட்ராய்ட்: விட்டுப் போகாதவர்களின் ஊர் (வாசகர் கேள்வி - பதில்)

கார் கம்பெனிகள் கைவிட்ட டெட்ராய்ட் நகரத்தைப் பற்றிப் போன மாதம் எழுதியதற்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆலைகள் போன பின் அங்கேயே இருந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை முழுக்க அதற்கே.

பாழடைந்து கிடந்த டெட்ராய்ட் ரயில் நிலையத்தை ஃபோர்டு புதுப்பித்துத் திறந்ததாகப் படித்தேன். ஊர் மீண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, திருச்சி

அது மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷன். 1913இல் திறந்தது, 1988 ஜனவரியில் கடைசி ரயில் கிளம்பிப் போனது. அப்புறம் முப்பது வருடம் சும்மா கிடந்தது, அதில் பல வருடம் ஜன்னல் கண்ணாடிகூட இல்லை. டெட்ராய்ட் செத்துவிட்டது என்று எழுத வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். 2018இல் ஃபோர்டு வாங்கி, 2024 ஜூனில் திறந்தது, ரயிலுக்காக இல்லை, அலுவலகங்களுக்காகவும் புதுத் தொழில்களுக்காகவும். நல்ல வேலைதான், மனசாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஊர் மீண்டதா என்பதை ஒரு கட்டடத்தை வைத்துச் சொல்ல முடியாது. 1950இல் அங்கே 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 6 லட்சத்து 39 ஆயிரம். 2023க்கான மதிப்பீட்டில்தான், 1957க்குப் பிறகு முதல் முறையாக, எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. இறக்கம் நின்றிருக்கிறது, அதுவே பெரிய விஷயம். நான் கேட்பது இன்னொரு கேள்வி: கெட்ட காலம் முழுக்க அந்தத் தெருவிலேயே இருந்தவர்கள், நல்ல காலம் வரும்போதும் அதே தெருவில் இருக்க முடிகிறதா? அதற்கு இன்னும் பாதி பதில்தான் கிடைத்திருக்கிறது.

ஜப்பான் கார்கள் வந்ததால்தானே டெட்ராய்ட் விழுந்தது?
- வாசகர், ஈரோடு

ஜப்பான் கார் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சரிவு ஆரம்பித்துவிட்டது. 1947இலிருந்து 1963க்குள் நகரம் ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் ஆலை வேலைகளை இழந்தது. அமெரிக்கக் கார்கள் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனிகள் நிலம் மலிவாகக் கிடைத்த புறநகருக்கும், தொழிற்சங்கம் வலுவில்லாத தென் மாநிலங்களுக்கும் நகர்ந்தன. பேக்கார்டு கம்பெனியின் பிரம்மாண்டமான ஆலை 1956இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது.

வேலை நகர்ந்ததும் வெள்ளையர்கள் பின்னாலேயே போனார்கள், கறுப்பர்களால் போக முடியவில்லை. வீடு விற்க மாட்டார்கள், வங்கி கடன் தராது. கறுப்பர்கள் வசித்த ஒரு பகுதிக்கு அருகில் இருந்ததால், பக்கத்தில் வெள்ளையர்களுக்குக் கட்டவிருந்த வீடுகளுக்கு அரசு கடன் உத்தரவாதம் தர மறுத்தது. கட்டுநர் 1941இல் நடுவில் ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்தில் ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பிய பிறகு கொடுத்தது. தீண்டாமைச் சுவர் என்றே சொல்ல வேண்டும். நகரத்தின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது, இப்போது அதன்மேல் அந்தத் தெருக்காரர்கள் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். கறுப்பர்களின் கடைவீதியும் இசை விடுதிகளும் இருந்த பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி பகுதிகளை நெடுஞ்சாலைக்காகவும் புதுக் குடியிருப்புக்காகவும் இடித்துத் தள்ளினார்கள். 1967 கலவரத்தில் 43 பேர் இறந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கிருந்து கதையைத் தொடங்குகிறவர்கள், அதற்கு முந்தைய இருபது வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

மாநகராட்சியே கைவிரித்த காலத்தில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.
- வாசகர், சேலம்

விரிவாகவே சொல்கிறேன், எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே இதனால்தான்.

முதலில் தீ. அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தின இரவு, காலி வீடுகளுக்குத் தீ வைப்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. 1984இல் மூன்று நாளில் 800க்கும் மேற்பட்ட இடங்களில் தீ. தீயணைப்பு வண்டிகளை மட்டும் நம்பி ஒன்றும் நடக்காது என்று ஆனபோது, 1995 முதல் அந்த இரவுக்கு ஏஞ்சல்ஸ் நைட் என்று பெயர் வைத்து, பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். கார் கூரையில் மஞ்சள் விளக்கு சுழல ரோந்து போவார்கள். வயதானவர்கள் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு முன்தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எதிரிலிருக்கும் காலி வீட்டை ஆளுக்கொன்றாகப் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். இப்படியே இருபது வருடத்துக்கு மேல், ஒவ்வொரு அக்டோபரும். தீ படிப்படியாகக் குறைந்து, 2018இல் இனி ரோந்து வேண்டாம் என்று நிறுத்தினார்கள். இதற்கு யாரும் திறப்பு விழா நடத்தவில்லை, ஆனால் அந்த ஊரின் மீட்சி எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து காலிமனை. வீடு எரிந்தோ இடிந்தோ போன இடத்தில் புல் ஆள் உயரம் வளரும், குப்பை லாரிக்காரர்கள் ராத்திரியில் வந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அதைச் சுத்தம் செய்து காய்கறி போட்டவர்களில் நிறையப் பேர் அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி மாதிரி மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு இது புதிதும் இல்லை: 1890களின் பொருளாதார வீழ்ச்சியில் ஹேசன் பிங்ரீ என்ற மேயர் வேலை இழந்தவர்களுக்குக் காலிமனைகளைக் கொடுத்து உருளைக்கிழங்கு போட வைத்தார், 1970களில் மேயர் கோல்மன் யங் காலத்திலும் விதையும் உழுவதற்கு உதவியும் கொடுத்தார்கள். 1992இல் ஜேம்ஸ் பாக்ஸ், கிரேஸ் லீ பாக்ஸ் தம்பதி (ஜேம்ஸ் கிரைஸ்லர் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர், கிரேஸ் சீனக் குடும்பத்தில் பிறந்து தத்துவம் படித்தவர்) நண்பர்களோடு சேர்ந்து டெட்ராய்ட் சம்மர் என்று ஆரம்பித்து, இளைஞர்களைத் தோட்டம் போடவும் சுவர்களில் படம் வரையவும் கூட்டிவந்தார்கள். கிரேஸ் 2015இல் நூறு வயதில் காலமாகும்வரை அதே கிழக்குப் பக்கத் தெருவில்தான் இருந்தார்.

இன்று நகரத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் தோட்டங்கள் இருக்கின்றன. பெரியவற்றில் ஒன்று ரூஜ் பார்க்கில் 7 ஏக்கரில் இருக்கும் டி-டவுன் பண்ணை, 2006இல் மாலிக் யாக்கினியும் தோழர்களும் தொடங்கிய கறுப்பின உணவு உரிமை அமைப்பு நடத்துவது. ஆலை ஊர் மண் என்பதால் ஈயம் கலந்திருக்கலாம், பழைய வீடுகளின் பெயின்ட்டிலிருந்தும் இறங்கியிருக்கலாம், ஆகவே மண் பரிசோதனை செய்துவிட்டுத்தான் கீரை விதைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பலகை அடித்துப் பாத்தி உயர்த்தி, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இத்தனை வருடம் இது சட்டப்படி எதிலும் சேராமல் நடந்தது, 2013இல்தான் மாநகராட்சி விதி கொண்டுவந்து ஒப்புக்கொண்டது. அதே அமைப்பினர் முன்னின்று 2024இல் உட்வர்டு அவென்யூவில் ஒரு கூட்டுறவு மளிகை அங்காடியைத் திறந்தார்கள். உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள். நல்ல காய்கறி வாங்க பஸ் ஏறி வெகுதூரம் போக வேண்டியிருந்த மக்களுக்கு அது என்ன என்று நான் விளக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டுக்கு நடுவே ஹைலண்ட் பார்க் என்ற தனிச் சிற்றூர் இருக்கிறது, ஃபோர்டு 1913இல் நகரும் அசெம்பிளி லைனை ஓட்டிக் காட்டியது அங்கேதான். மின்கட்டண பாக்கிக்காக 2011இல் அந்த ஊரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் சூலடாரிட்டி என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, பணம் சேர்த்து, சூரியசக்தி தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தார்கள்.

டெட்ராய்ட் திவாலானபோது ஓய்வூதியம் வாங்கியவர்கள் கதி என்ன?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு மஞ்சள் கடிதம் கொடுத்தது மாநகராட்சி. கடன்காரர்கள் அங்குள்ள கலை அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்கச் சொன்னார்கள். ஃபோர்டு அறக்கட்டளை உள்ளிட்ட அறக்கட்டளைகளும், மாநில அரசும், அருங்காட்சியகமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தருவதாக ஏற்று, ஓவியங்களும் தப்பின, ஓய்வூதியமும் பெரிய வெட்டிலிருந்து தப்பியது. ஆனால் முழுக்க இல்லை. சாதாரண ஊழியர்களுக்கு மாதத் தொகையில் 4.5 சதவீதம் போனது, விலைவாசிக்கு ஏற்ற உயர்வு நின்றது, மருத்துவச் சலுகையில் பெரும்பகுதி பறிபோனது. முப்பது வருடம் குப்பை வண்டி ஓட்டியவருக்கு இது சின்ன இழப்பு இல்லை. ஊரை மீட்டவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நூறு டாலருக்கு நிலம் கிடைக்கிறதாமே?
- வாசகர், நாகர்கோவில்

கிடைக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. நிலவங்கி என்ற பொது அமைப்பு வைத்திருக்கும் காலிமனைகளில் ஒன்று உங்கள் வீட்டை ஒட்டி இருந்தால், வீட்டுச் சொந்தக்காரரான உங்களுக்கு 100 டாலர். நல்ல திட்டம், பல வருடம் புல் வெட்டிப் பார்த்துக்கொண்டவருக்கே மனை போகிறது.

இதன் மறுபக்கம்தான் கொடுமை. வீட்டின் சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்பிட்டு வரி போடக்கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சட்டம். விலை தரைமட்டமான பிறகும் மாநகராட்சி பழைய மதிப்பிலேயே வரி போட்டது, 2010 முதல் 2016 வரை குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாக விதிக்கப்பட்டது என்று டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை 2020இல் கணக்கிட்டது. கட்ட முடியாதவர்களின் வீடுகள் ஜப்தியாகி, 500 டாலரிலிருந்து ஏலம் போயின. மீட்சியின் கதையில் இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேட்க வேண்டியதுதான்.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சொல்லிக்கொள்ளும் நாம் நிஜ டெட்ராய்ட்டிடம் எதை எடுத்துக்கொள்ளலாம்?
- வாசகி, செங்கல்பட்டு

ஒன்று சொல்கிறேன். 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக போல்டவுன் பகுதியில் நாலாயிரம் பேருக்கு மேல் வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள், தேவாலயத்தை இடித்தார்கள், 6,000 வேலை வரும் என்றார்கள். சொன்ன அளவுக்கு வரவில்லை. அந்த நிலஎடுப்பைச் சரி என்ற மிச்சிகன் உச்ச நீதிமன்றமே 2004இல் அந்தத் தீர்ப்பைத் தப்பு என்று மாற்றிக்கொண்டது. வீடு போனவர்களுக்கு அதனால் ஒன்றும் திரும்பவில்லை.

அந்த அனுபவமெல்லாம் சேர்ந்துதான் 2016இல் மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 7.5 கோடி டாலருக்கு மேல் போகும் திட்டம் பொதுப் பணத்திலோ வரிச்சலுகையிலோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாங்கினால், அந்த வட்டாரத்து மக்கள் ஒன்பது பேர் கொண்ட குழுவோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்: உள்ளூர் ஆட்களுக்கு வேலை, பயிற்சி, வாடகை வீடு, பூங்கா. ரயில் நிலையத்துக்காக ஃபோர்டும் அப்படிப் பேசியது. ஒன்பதில் இரண்டு பேரை மட்டும்தான் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது போதாது என்று அங்கே சண்டை நடக்கிறது, எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் சலுகை கொடுக்கும் அன்றைக்கே ஊர்க்காரர்களுக்கு ஒரு நாற்காலி போடுகிற ஏற்பாடு நம் சிப்காட் வட்டாரங்களுக்கும் வேண்டும்.

மகன் டிராய் புறநகரில் இருக்கிறான், இந்தக் கோடையில் போகிறோம். டெட்ராய்ட்டுக்குள் போகாதீர்கள் என்று பயமுறுத்துகிறார்கள். போகலாமா?
- ஒரு தம்பதி, கோவை

தாராளமாகப் போங்கள். டிராய், நோவாய் பக்கம் வருடக்கணக்காக இருந்தும் எட்டு மைல் சாலையைத் தாண்டாத நம்மவர்கள் உண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை காலை ஈஸ்டர்ன் மார்க்கெட், 1891லிருந்து அதே இடத்தில் நடக்கும் சந்தை, அங்கேயே டெட்ராய்ட்டில் விளைந்த கீரையும் தக்காளியும் வாங்கலாம். பக்கத்திலேயே பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கிய டெகுவிண்டர் கட், ஆற்றங்கரை வரைக்கும் நடக்கலாம், வெயிலுக்குத் தொப்பி வேண்டும். நேரமிருந்தால் ஹைடல்பர்க் தெரு: 1986இல் டைரீ கைடன் என்ற கலைஞர் தன் தாத்தாவோடு சேர்ந்து கைவிடப்பட்ட வீடுகளில் பொம்மைகளையும் புள்ளிகளையும் ஒட்டி ஆரம்பித்த தெரு, மாநகராட்சி இரண்டு முறை இடித்தும் திரும்ப வந்தது. அங்கே இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், படம் எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மகனுக்கு சைக்கிள் இருந்தால் திங்கட்கிழமை மாலை ஸ்லோ ரோல் ஊர்வலத்தில் சேரச் சொல்லுங்கள், ஊர்க்காரர்களோடு பேச அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.