வித்தால் என்ன?

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம். பகலில் அரச உத்தியோகம், பின்னேரத்தில் வளவும் தையலும். மாங்காய்க் காலத்தில் சட்னி காய்ச்சிப் போத்தலில் அடைப்பேன், தேசிக்காய் ஊறுகாய் போடுவேன். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து விரிப்புச் செய்கிறேன். இந்த முறை பயித்தங்காய் அள்ளிக் காய்த்திருக்கிறது. அமெரிக்கப் பெண்கள் போஞ்சியைப் போத்தலில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பதை வீடியோவில் பார்த்தேன். போத்தலை இறுக்கி மூடி ஒரு மணித்தியாலம் கொதிநீரில் அவித்தால் பயித்தங்காயும் அப்படி நிற்குமா? அதுதான் முக்கியமாகக் கேட்க வந்தது. விரிப்புக்குக் கல்முனையில் புதுத்துணி வாங்கி வெட்டித் தைத்தால் இன்னும் வடிவாக வருமா? கனடாவில் இருக்கும் மூத்தக்காவும் கந்தோரில் கூட இருப்பவர்களும் ‘இவ்வளவையும் வித்தால் என்ன?’ என்று கேட்டபடியே இருக்கிறார்கள். விற்காவிட்டால் இதெல்லாம் வீண் மினக்கேடா அக்கா? சில நேரம் வெட்கமாகவும் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பயித்தங்காயை அப்படி அடைக்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பயித்தங்காய் புளிப்பில்லாத காய். குளொஸ்ட்ரீடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் மண்ணில் கிடந்து காயோடு குசினிக்குள் வரும். கொதிநீரின் 100 பாகைச் சூட்டில் அவை சாகாது. காற்றுப் புகாத போத்தலுக்குள் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். மணமும் நிறமும் மாறாமலே இருக்கலாம், ஆனால் ஒள்ளுப்பம் உள்ளே போனாலும் நரம்பைப் பிடித்து மூச்சை நிறுத்திவிடும். போஞ்சியைச் சரியாக அடைப்பவர்கள் அதற்கென்றே செய்த அழுத்தக் கலத்தில் 116 பாகைக்கு மேல் சூடேற்றி, கணக்காக நேரம் பார்த்து இறக்குகிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் அதற்கு ஈடாகாது. புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6க்குக் கீழே நிற்கும் புளிப்புச் சாமானுக்குத்தான் வெறும் கொதிநீர் போதும். உங்கள் மாங்காய்ச் சட்னி அந்த வகை, தேசிக்காய் ஊறுகாயும் அந்த வகை. பயித்தங்காயை ஒரு கொதி அவித்து, உப்பிட்டு, கச்சான் காற்று அடிக்கும்போது வெயிலில் போட்டு வற்றலாக்குங்கள். அரைகுறையாக வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் உள்ளவர்களின் உயிரில் கை வைக்க வேண்டாம்.

புதுத்துணியும் வேண்டாம். வடிவாக இருக்கிற துணியை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி மறுபடி பொருத்த என்ன அவசரம்? வருசக்கணக்காகத் தோய்த்து உடுத்த வொயில் சேலைக்கு ஒரு பதம் இருக்கிறது. கஞ்சியெல்லாம் கழன்று, இனிச் சுருங்க இடமில்லாமல் சுருங்கி, ஊசி போகும் இடமெல்லாம் வழிவிடும். புதுத்துணி முதல் தோய்ப்பிலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். தையலை மட்டும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி சேர்ந்து பொம்மிவிடும். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைக்கும்போது பழஞ்சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுப்பார்களாம். நீங்களும் செய்து பாருங்கள். கரை நல்ல பருத்தியாக இருந்தால் நூல் அறாமல் வரும்.

சரி, இனி அந்த மூன்றாவது. நீங்கள் அதைக் கடைசியில், கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ இந்தக் கேள்வி பல வருசமாக நெஞ்சுக்குள் கிடந்து குடைகிறது.

சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுக்க நிறுவனங்கள் வந்தன. வீடு கட்டித் தந்தார்கள், கிணறு இறைத்துத் தந்தார்கள், அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அப்புறம் வாழ்வாதாரம் என்று வந்தார்கள். தம்பிலுவிலில் என் சின்னம்மா இருந்தார். அவர் காய்ச்சும் மாங்காய்ச் சட்னிக்கு அந்தப் பக்கத்தில் பெயர் இருந்தது. இஞ்சி, உள்ளி, கொச்சிக்காய் மூன்றையும் அம்மியில் வைத்து அரைப்பார். சீனியை அளந்து போட்டதே இல்லை. மாங்காய்க் கீற்று ஒன்றை வாயில் போட்டு, கண்ணை ஒருக்கால் இறுக்கி மூடித் திறந்துவிட்டு, அந்தப் புளிப்புக்குத் தக்கபடி அள்ளிப் போடுவார். பதம் பார்க்க ஒரு சொட்டைப் பீங்கானில் விட்டுச் சரிப்பார். ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடினால் சட்டி இன்னும் அடுப்பில் கிடக்கும். பிரியாமல் ஒட்டி நின்றால் இறக்குவார். போத்தல்கள் ஹோர்லிக்ஸ் போத்தல், பழைய ஜாம் போத்தல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். அதில் பாதி பிள்ளைப்பெற்ற வீட்டுக்கும் வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்கும் போகும்.

ஒரு நிறுவனம் அவரைப் பிடித்தது. பொதுமண்டபத்தில் பெண்களைக் கூட்டி, தொப்பியும் ஏப்ரனும் கொடுத்து, ஒரே ஒரு செய்முறையை அச்சடித்து நீட்டியது. எந்த மாங்காய் வந்தாலும் இவ்வளவு சீனி. எல்லாப் போத்தலும் ஒரே நிறை, ஒரே நிறம், மேலே ஒட்ட ஒரு லேபல். சின்னம்மா ஆசையோடுதான் போனார். கண்காட்சிகளில் மேசை போட்டு ஒள்ளுப்பம் விற்றார்கள். திட்டம் முடிந்தது, வாகனம் வருவது நின்றது, கடைக்காரர்கள் கொழும்புச் சட்னியையே வாங்கினார்கள். மிஞ்சிய போத்தல்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சின்னம்மா தன் வீட்டுக்குக்கூடச் சட்னி காய்ச்சவில்லை. மரம் காய்த்தது, மாங்காய் விழுந்து அழுகியது. ஏன் காய்ச்சவில்லை என்று கேட்டேன். “அதான் விலை போகல்லியே புள்ள” என்றார்.

அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சின்னம்மாவிடம் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் நிறைவாக இருந்த ஒன்றுக்கு விலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்களே, அவர்களிடம்தான் கோபம். அதற்கு முன் அந்தச் சட்னி நல்லதா கெட்டதா என்பதை அவர் நாக்கும் தின்ற வீடுகளும் சொல்லின. அதற்குப் பிறகு சந்தை சொன்னது. சந்தை வேண்டாம் என்றதும் அவர் நாக்கின் தீர்ப்பும் செல்லாமல் போயிற்று.

பின்னேரம் கல்லடிப் பாலத்தடிக்குப் போய்ப் பாருங்கள். ஆண்கள் தூண்டில் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக நிற்பார்கள். சிலருக்கு ஒரு மீனும் அகப்படாது. ‘இதை வித்தால் என்ன’ என்று யாராவது போய்க் கேட்கிறார்களா? அவர்களுக்கு அது ஓய்வு. நீங்கள் கந்தோரால் வந்து, சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊசியை எடுத்தால் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். பெண்ணின் கை அசைந்தால் காசு வர வேண்டும், இல்லாவிட்டால் அது மினக்கேடு. இதை நீங்களும் நம்பி வெட்கப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் உங்களைப் பேச வேண்டும். எதற்கு வெட்கம்? யாரிடம் என்ன களவெடுத்தீர்கள்?

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பினத்தவர் ஊர். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த பெண்கள், கிழிந்த வேலையுடுப்புகளை வெட்டிப் பிள்ளைகளுக்குக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966இல் அந்தப் பகுதியில் ஒரு தையல் கூட்டுறவு தொடங்கியது. வாக்களிக்கப் பதிந்ததற்காக இருந்த நிலத்திலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்கள் இருந்த காலம், காசு கட்டாயம் வேண்டும். 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக்குக் கோடுரோய்த் துணியில் தலையணை உறை தைக்கும் ஓடர் வந்தது. எல்லா உறையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தைத்தார்கள், கூலி வாங்கினார்கள். மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், எந்த அளவுக்கும் கட்டுப்படாமல் மனம்போனபடி போர்வை தைத்தார்கள். 2002இல் ஹியூஸ்டனிலும் பிறகு நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கியவை அந்த ஊர்ப் போர்வைகள். தலையணை உறையை யாரும் தொங்கவிடவில்லை.

அருங்காட்சியகம் வரும் என்று நீங்களும் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் கூலிக்குத் தைத்ததையும் தமக்குத் தைத்ததையும் ஒன்றாகக் குழப்பவில்லை. அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

காசுக்குச் செய்வது கேவலம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருதமுனை நெசவு வீடுகள் விற்றுத்தான் சோறு தின்கின்றன, அந்தத் துணியை நான் பேரம் பேசாமல் வாங்குகிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸுக்கு வரிசையில் நின்று, 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நேரம் வீட்டில் இருந்ததை எல்லாம் விற்றவர்களை எனக்குத் தெரியும். தேவை வந்தால் விற்கத்தான் வேண்டும்.

ஆகவே மூத்தக்காவுக்கு இப்படிச் சொல்லுங்கள். ஒரு கொப்பி எடுத்து, சீனி, வினாகிரி, விறகோ காஸோ, போத்தல், இவ்வளவையும் எழுதி, உங்கள் கைவேலைக்கு ஊரில் ஒரு மேசனுக்குக் கொடுக்கும் நாட்கூலியையும் சேர்த்து ஒரு போத்தலின் விலையைப் போடுங்கள். அந்த விலைக்கு அவரும் சிநேகிதிகளும் வாங்குவார்களா என்று கேளுங்கள். வாங்குவார்கள், உங்களுக்கும் காசு தேவை என்றால் மாங்காய்ச் சட்னியில் தொடங்குங்கள், சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே கதைத்துவிடுங்கள். விரிப்பை அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம்.