ஈரத் தடமும் சோப்புக் குமிழும்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. பிறந்தநாளுக்குப் பெடல் இல்லாத பேலன்ஸ் பைக் வாங்கினோம். இரண்டு வாரமாக அதில் உட்கார்ந்து நடக்கிறாளே தவிர, காலைத் தூக்குவதே இல்லை. "காலைத் தூக்கு, தூக்கு" என்றால் அழுதுகொண்டு இறங்கிவிடுகிறாள். ஐந்து நிமிடத்தில் வண்டி மூலைக்குப் போய்விடுகிறது. சைடு வீல் வைத்த சைக்கிளே வாங்கியிருக்கலாம் என்கிறார் மாமனார். எங்கள் அப்பார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில்தான் ஓட்டுகிறாள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். வண்டி எப்போது சாயும், ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு வளையும் என்பதெல்லாம் இந்த நடையில்தான் உடம்பில் ஏறுகிறது. காலைத் தூக்குவது அதற்குப் பிறகு வருவது. சொல்லி வரவழைக்க முடியாது. வேகம் பிடித்தால் கால் தானாக எழும்பும். அந்த வேகத்துக்கு, எங்கேயாவது அவசரமாகப் போயாக வேண்டிய ஒரு காரணம் குழந்தைக்கு வேண்டும். அதனால் இன்றிலிருந்து 'தூக்கு' என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

அதற்கு முன் சீட்டைப் பாருங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நுனிக்காலில் நிற்கும் குழந்தைக்குப் பயம் போகாது. சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் உந்தவே முடியாது. வண்டியின் எடையும் முக்கியம்: 13 கிலோ குழந்தைக்கு 4 கிலோவுக்கு மேல் போனால் திருப்பவே திணறும்.

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஈரத் தடம். சொரசொரப்பான சிமென்ட் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள் (டைல்ஸ் வேண்டாம், வழுக்கும்). அதன் வழியாக வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டு சக்கரமும் பாம்பு மாதிரி ஒரு கோடு இழுக்கும், இரண்டு பக்கமும் செருப்பின் தடம் விழும். உடனே இருவரும் உட்கார்ந்து தடங்களை எண்ணுங்கள். பாம்புக்கு எத்தனை கால் என்று கேளுங்கள். பிறகு, "கால் குறைஞ்ச பாம்பு ஒண்ணு வரைஞ்சு காட்டுறியா?" என்று கேட்டுப் பாருங்கள். எட்டி உந்தினால்தான் தடம் குறையும் என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கும். முதல் நாள் பன்னிரண்டு தடம் விழுந்த தூரத்தில் ஏழு விழுவதை நீங்களே பார்ப்பீர்கள். இரண்டு தடத்துக்கு நடுவில் தடமே இல்லாத அந்த இடைவெளியில் அவள் மிதந்து போயிருக்கிறாள். அவளுக்கே அது தெரியாது! என் பேத்திக்கு இப்படித்தான் வந்தது. வெயில் தடத்தைக் காயவைப்பதற்குள் அடுத்த பாம்பை வரைய வேண்டும் என்று அவள் வேகம் எடுத்ததை மறக்கவே மாட்டேன்.

கீழேயே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாளா? அப்படியானால் சோப்புக் குமிழி. நீங்கள் பத்தடி தள்ளி நின்று ஊதுங்கள், அவள் துரத்தி உடைக்கட்டும். குமிழியைத் தேடிக் கண் மேலே போகும். பார்வை போகும் பக்கம்தான் வண்டியும் போகும் என்பதால் இது வெறும் வேடிக்கை இல்லை.

காய்கறி வண்டி விளையாட்டில் தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நாற்காலி போட்டு அவர் உட்காரட்டும், மறுமுனையில் நீங்கள். சின்னத் துணிப்பையை அவள் முதுகில் மாட்டி, ஒரு தடவைக்கு ஒரு வெங்காயம், ஒரு தக்காளி என்று அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள், ஒரு பக்கமாக இழுக்கும். தாத்தா "சீக்கிரம், குழம்பு கொதிக்குது!" என்று குரல் கொடுத்தால் போதும்.

நிற்பதையும் விளையாட்டாகவே பழக்குங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் பிரேக் இருக்காது, கால்தான் பிரேக். நீங்கள் டிராஃபிக் போலீஸாகக் கையைக் காட்டினால் சாக்பீஸ் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும். பிறகு அவள் போலீஸ், நீங்கள் ஓடி வந்து நிற்க வேண்டும். இதில் தேறும் வரை எந்தச் சரிவிலும் விடாதீர்கள். பேஸ்மென்டுக்கு இறங்கும் ராம்ப் பக்கம் போகவே கூடாது.

பத்து, பதினைந்து நிமிடம் போதும். இன்னும் வேண்டும் என்று அவள் கேட்கும்போதே வண்டியை எடுத்து வையுங்கள். தோளையோ ஹேண்டில்பாரையோ பிடித்துத் தள்ளாதீர்கள். நீங்கள் பிடித்தால் சமநிலை உங்கள் கையில் இருக்கும், அவளிடம் இருக்காது.

பார்க்கிங்கைப் பற்றி எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. ரிவர்ஸில் வரும் காரின் ஓட்டுநருக்கு இந்த உயரத்தில் ஒரு குழந்தை இருப்பது தெரியவே தெரியாது. கார்கள் நகராத ஒரு மூலை கிடைத்தால் வாட்ச்மேனிடம் சொல்லி, குறுக்கே இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பூங்காவுக்குப் போவதே நல்லது. ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நேராக உட்கார வேண்டும். வண்டியை விட்டுவிட்டு சறுக்குமரத்துக்கோ ஊஞ்சலுக்கோ ஓடினால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். அதன் வார் கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

இனி உங்கள் மாமனார். அவர் சிறு வயதில் வாடகை சைக்கிளில் எப்படிப் பழகினார் என்று கேளுங்கள். ஒரு காலைப் பெடலில் ஊன்றி, மறுகாலால் தரையை உந்தி உந்தித்தானே அந்தக் காலத்தில் பலர் பழகினார்கள்? முதலில் சமநிலை, அப்புறம் குரங்கு பெடல். பேத்தியின் வண்டியும் அதைத்தான் செய்கிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1817 ஜூன் 12 அன்று கார்ல் ட்ரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டியிலும் பெடல் கிடையாது. தரையை உந்தித்தான் ஓட்டினார். பெடல் பரவியது 1860-களில், பிரான்சில். சைடு வீல் வண்டியைச் சாயவே விடாது. சாயாத வண்டியில் பெடல் மிதிக்கப் பழகலாம், சமநிலை பழக முடியாது. அதைக் கழற்றும் நாளில் குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டு காலும் மேலே இருக்க, வளைவில்கூட அவள் சறுக்கிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டால், பெடல் சைக்கிளைத் தாத்தாவே வாங்கித் தரட்டும். கடைக்காரரிடம் சைடு வீலைக் கழற்றித் தரச் சொல்லி வாங்குங்கள்.