1845-இல் தொடங்கிய பஞ்ச காலத்தில் அயர்லாந்தின் ஒர்க்ஹவுஸ்கள், அதாவது வறியோரைச் சேர்த்துக்கொண்ட ஏழையர் இல்லங்கள், நிலைகுலைந்ததற்கு நிர்வாகிகளின் கல்நெஞ்சம்தான் காரணமா?

கல்நெஞ்சத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதாலோ என்னவோ, அந்த ஏழையர் இல்லங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவற்றின் வரி ஏற்பாட்டைத்தான் நான் முதன்மைக் குற்றவாளியாகப் பார்க்கிறேன்.

1838-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி அயர்லாந்து முதலில் 130 ஒன்றியங்களாக (ஏழையர் உதவிக்கான நிர்வாக வட்டாரங்களாக) பிரிக்கப்பட்டு, ஒன்றியத்துக்கு ஓர் இல்லம் கட்டப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு காப்பாளர் குழுவிடம் இருந்தது. வரி கட்டுவோர் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களோடு, பதவி வழியாக இடம்பெற்ற உள்ளூர் கௌரவ நீதிபதிகளும் அதில் இருந்தார்கள்; பாதிரியார்களுக்கு இடமில்லை. சொத்து மதிப்பைப் பொறுத்து ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை கிடைத்ததால், குழு யார் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. குழுவின் கீழ் எழுத்தர், இல்லத் தலைவர், தலைவி, மருத்துவர், ஆசிரியர், வாயில் காவலர் எனச் சம்பள ஊழியர்கள் இருந்தார்கள். குழு வாரந்தோறும் கூடி, அந்த வாரம் சேர்ந்தவர், வெளியேறியவர், இறந்தவர் எத்தனை பேர் என்பதை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்தது. உணவுப் பட்டியல்வரை மேலிருந்த ஏழையர் சட்ட ஆணையர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது.

வாயிலுக்கு வந்தவரைப் பற்றிய விவரங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் வரிசையாக எழுதப்பட்டன: பெயர், வயது, தொழில், மதம், உடல்நிலை, ஒன்றியத்தின் உட்பிரிவான எந்தத் தேர்தல் பிரிவில் குடியிருந்தார் என்பது. அதன்பின் கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனிப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மட்டும் தாயுடன் இருக்கலாம். இந்தப் பிரிவினையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நின்று பார்ப்பது தேர்தல் பிரிவுக்கான அந்தக் கட்டத்தில்தான். ஏனென்றால், உள்ளே வந்தவரின் செலவு அவர் குடியிருந்த பிரிவின் தலையில் விழுந்தது. எந்தப் பிரிவும் பொருந்தாவிட்டால்தான் ஒன்றியம் முழுவதும் அதைப் பகிர்ந்துகொண்டது. தன் பிரிவின் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறினால் தன் வரியும் ஏறும் என்பது ஒவ்வொரு காப்பாளருக்கும் தெரியும்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியபோது இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்தது. எங்கே பசி அதிகமோ அங்கே வரி கட்டக்கூடியவர் குறைவு. போதாததற்கு, நான்கு பவுண்டுக்கு மேற்படாத மதிப்புள்ள நிலத்துக்கான முழு வரியையும் நிலவுடைமையாளரே கட்ட வேண்டும் என்று 1843-இல் விதித்திருந்தார்கள். சிறு குடியானவர்களைப் பாதுகாக்க வந்த விதிதான். ஆனால் அவர்களை வெளியேற்றினால் வரிச்சுமை குறையும் என்று அது நிலவுடைமையாளருக்குக் கற்றுக்கொடுத்தது. 1847-இல் இல்லத்துக்கு வெளியேயும் உதவி தரலாம் என்று சட்டம் விரிவாக்கப்பட்டபோது, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி இல்லை என்ற விதியும் கூடவே நுழைந்தது. அதைக் கொண்டுவந்த வில்லியம் கிரகரிதான் பின்னாளில் இலங்கையின் ஆளுநர். நுவரெலியாவின் கிரகரி வாவி அவர் பெயரைத் தாங்கியது. கிளேர் மாவட்டத்தின் கில்ரஷ் ஒன்றியத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்ததை, அங்கே ஏழையர் சட்ட ஆய்வாளராக இருந்த கேப்டன் ஆர்தர் கென்னடி பட்டியல் பட்டியலாக மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்.

வரி வசூலாகாத பல ஒன்றியங்களில் குழுக்களைக் கலைத்துச் சம்பளம் பெறும் துணைக் காப்பாளர்களை நியமித்தார்கள். ஆள் மாறினாலும் கஜானா காலிதான். கடைசியில் 1849-இல், மற்ற ஐரிஷ் ஒன்றியங்கள் வரிக்குரிய சொத்து மதிப்பில் பவுண்டுக்கு ஆறு பென்ஸ் கட்டி நொடித்துப்போன மேற்குப் பகுதி ஒன்றியங்களைத் தாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரிட்டன் அந்த வரியில் பங்கேற்கவில்லை. அயர்லாந்தின் ஏழையர் சட்டத் தலைமை ஆணையராக இருந்த எட்வர்ட் ட்விஸில்டன் இதை நிறைவேற்ற மனம் ஒப்பாமல் பதவி விலகினார்.